பதினைந்தாவது மட்டை

"நான் வெக்கலன்னா வெக்கலடா! எங்க அம்மா மேல சத்தியமா..."

"அம்மாவ இழுக்காதண்ணா. அப்ப அதுக்கு இன்னா காலா மொளைச்சிச்சு? டிக்கியிலேந்து எறங்கி, நடந்து வந்து, பையில ஏறி உக்காந்துக்கிச்சா..."

"அதத்தாண்டா நானும் கேக்கறேன்! பார்க்கிங்ல எண்ணும்போது பதினாலு. ஒண்ணு ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல..."

"எண்ணினே, எண்ணினே! நீ எண்ணின லட்சணத்துலதான் நாலு ஷாட் போச்சு!"

"யாரு, என்னையா சொல்றே? அடிக்கிற வெயில்ல உன் பையைத் தூக்கினு நாய் மாதிரி பின்னாடி ஓடியார்றனே, என்னையா?"

வாலாஜா சுங்கச்சாவடியில் வண்டி நின்ற பிறகுதான் இரண்டு வாயும் நின்றன. கட்டை மேலே போனது. பரத் கியரைப் போட்டான். கோபிநாத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, மூடியைத் திருகுவதையே பெரிய வேலையாகச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

சண்டை ஒரு மட்டையைப் பற்றி. கோல்ஃப் ஆடுகிறவன் பையில் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால், அதைத் தொட்டானோ இல்லையோ, தண்டம் உண்டு. நேற்று சென்னைப் போட்டியில் மூன்றாவது குழிக்குப் போகும்போது, கூட ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன்தான் பைக்குள் கைவிட்டு, "இது இன்னா பிரதர், ரெண்டு வெட்ஜ் ஒரே மாதிரி?" என்று உருவிக் காட்டினான். மணலில் புதைந்த பந்தைத் தோண்டி எடுக்கிற மட்டை அது. கைப்பிடிக்குக் கீழே பச்சை நூல் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் பரத்துக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

நாலு ஷாட் தண்டம். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் கோடு கிழித்து, பாதிப் பேரைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். கோட்டுக்கு உள்ளே நிற்கிறவனுக்குத்தான் மிச்ச ஆட்டமும் காசும். வெளியே நிற்கிறவன் பையைத் தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். அந்த நாலு மட்டும் இல்லாதிருந்தால் பரத் உள்ளே நின்றிருப்பான். இப்போது பெங்களூருக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

மட்டை அவனுடையதும் இல்லை, கோபிநாத்துடையதும் இல்லை. ஒவைஸுடையது. ஒவைஸ் பரத்தோடு ஆடிய கூட்டாளி, போன மழைக்காலத்தில் செத்துப்போனவன்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத தம்பி," என்றான் கோபிநாத். அவன் ஆலங்காயத்துக்காரன், பரத்தைவிட நாலைந்து வயது பெரியவன். ஒவைஸ் போன பிறகுதான் பை தூக்க வந்தவன். "லாட்ஜுல ரூம் போட்டா ரெண்டு கட்டில். ஒண்ணுல நீ. இன்னொண்ணு காலி. நான் தரையில படுக்கறேன். எத்தினி ஊரு சுத்திட்டோம், ஒரு நாளாச்சும் ஏன்னு கேட்டனா?"

"நீதான முதுகு வலி, தரைதான் ஒத்துக்கும்னே."

"ஜன்னலோரக் கட்டில்ல நீ ஒரு துண்ட மடிச்சு வெக்கறே பாரு, அதப் பார்த்தப்புறம் வந்த முதுகு வலி அது."

பரத் சிரிக்கப் பார்த்தான்.

"சரிண்ணா. நீ வெக்கல. அப்ப யாருதான் வெச்சது?"

"சொன்னா நீ தாங்க மாட்டே."

"சொல்லு."

"நீதாண்டா."

"விளையாடாத."

"நான் ஏண்டா விளையாடறேன்? பார்க்கிங்ல எண்ணி ஜிப்பைப் போட்டுட்டுத் தண்ணி புடிக்கப் போனேன். வந்து பார்த்தா நீ பிராக்டிஸ் மணல்ல நிக்கிறே. கையில அந்தப் பச்ச நூல் வெட்ஜ். ஒரு அடி அடிச்சே. அடிச்சிட்டு இப்டித் திரும்பி, 'பார்த்தியா?'ன்னே. அங்க ஒரு ஈ காக்கா இல்ல. அப்புறம் நீயே சிரிக்கிறே. நான் அங்கயே நின்னுட்டேன். கிட்டயே வரல. ஆடப் போறதுக்குள்ள நீயே திரும்ப டிக்கியில கொண்டுபோய்ப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் அப்டிப் பண்ணல."

"பண்ணே."

"எனக்கு ஞாபகமே இல்லியேண்ணா."

"அதாண்டா எனக்கு பேஜாரா இருக்கு."

ராணிப்பேட்டை தாண்டியதும் தோல் வாடை ஏசி வழியாக உள்ளே நுழைந்தது. பாலாற்றுப் பாலம் வந்தது. தண்ணீர் எங்கோ ஓரமாக, வெட்கப்பட்டதுபோல் போய்க்கொண்டிருந்தது. மிச்சமெல்லாம் மணல்.

அந்த மணலில்தான் இரண்டு பேரும் அடித்துப் பழகினார்கள். ஒவைஸின் அப்பா நயீம் அகமது மேல்விஷாரத்தில் கையுறைக்குத் தோல் பதப்படுத்தி அனுப்புகிறவர். வாங்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன், விமானத்தில் சுமக்கச் சோம்பல்பட்டு, பழைய மட்டைகளை அவர் வீட்டிலேயே விட்டுப் போனான். பரத்தின் வீட்டில் குடியாத்தத்தில் விசைத்தறி, லுங்கி. ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. "கிரிக்கெட் ஆடத் துப்பில்லாத ரெண்டு பசங்க, ஆத்துல பல்லி முட்டைய அடிச்சிக்கினு கெடக்குதுங்க," என்று ஊர் சிரித்தது. மணலிலிருந்து அடிக்க இந்தியாவிலேயே தங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரே கார், ஒரே அறை, ஒரே சோப்பு என்று ஊர் ஊராகப் போனார்கள்.

"விஷாரத்துல நிறுத்தறேன்," என்றான் பரத்.

"ஏன், ஆம்பூர் போய்ப் பிரியாணி சாப்பிடலாம்னியே?"

"இதக் கொண்டுபோய் அவங்க வீட்ல குடுத்துடறேன். அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். அப்பதான் என்ன விடுவான்."

"எல்லாத்தையும்னா?"

பரத் இண்டிகேட்டரைப் போட்டான்.

எல்லாத்தையும் என்றால் இதுதான். ஜார்க்கண்டில் ஒரு ஊர். ஒவைஸுக்குக் காய்ச்சல், ஆட்டத்திலிருந்து பேரை எடுத்துவிட்டான். இரண்டாம் நாள் விடியலில் பரத்தின் முறை. சொன்ன நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் ஆட்டத்தை விட்டே தூக்கிவிடுவார்கள். "போடா நீ," என்றான் ஒவைஸ். "முடிச்சிட்டு ஓடியா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். அங்க மணல் ஜாஸ்தி, என் வெட்ஜ எடுத்துக்கோ." தன் வெட்ஜை வைத்துவிட்டு அதை எடுத்துப் போனான் பரத். கடைசிக் குழியில் அந்த மட்டைதான் காப்பாற்றியது. சரியாகக் கோட்டின் மேல் நின்றான்.

மத்தியானத்துக்கு முன்பே அவன் ஆட்டம் முடிந்துவிட்டது. லாட்ஜ் ஆட்டோ போகிற தூரம்தான். ஆனால் கோடு என்பது நிற்கிற கோடு இல்லை. பின்னால் ஆடிவருகிறவர்கள் நன்றாக ஆடினால் அது உன்னைத் தள்ளிவிட்டு மேலே போகும், சொதப்பினால் உன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு முன் ஒரு தடவைகூட உள்ளே போகாதவன் அவன். ஸ்கோர்ப் பலகைக்கு முன்னால் நின்றான். இந்தக் குரூப் வரட்டும், போய்விடலாம். அடுத்த குரூப்பும் வந்துவிடட்டும். இன்னும் ஒன்றே ஒன்று. வெயில் சாய்ந்து, கடைசி ஆட்டக்காரன் தொப்பியைக் கழற்றியபோது பரத்தின் பேர் உள்ளே இருந்தது. ஓடினான். அறைக் கதவைத் திறக்கும்போதே, "மச்சி, உள்ளடா நாம!" என்று கத்தினான். ஜன்னலோரக் கட்டிலில் ஒவைஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

தெருமுனையில் வண்டியை நிறுத்தினான். "நீ வாண்ணா," என்றான்.

"நான் எதுக்குடா? போய்ட்டு வா. நான் வண்டியப் பார்த்துக்கறேன்," என்று கோபிநாத் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டான்.

நயீம் அகமது வாசலிலேயே இருந்தார். தாடி முழுதும் வெளுத்துவிட்டது. பரத்தைப் பார்த்தார், அவன் கையிலிருந்ததைப் பார்த்தார், திரும்ப அவனைப் பார்த்தார்.

"வா பரத். இந்த ரோட்டுலதான் போற, வர்ற. இன்னிக்கித்தான் எங்க வூடு தெரிஞ்சுதா?"

"வர முடியல அத்தா." ஒவைஸ் கூப்பிடுகிறபடியேதான் அவனும் கூப்பிடுவான்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த. அவகிட்ட இன்னா சொல்லப் போறே?"

"நடந்தத."

"நடந்தது எனக்குத் தெரியும்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஸ்கோரெல்லாம் போன்லயே வருது. நீ எப்போ ஆடி முடிச்சே, ஆஸ்பத்திரியிலேந்து எனக்கு எப்போ போன் பண்ணே. நடுவுல எவ்ளோன்னு எனக்குக் கழிக்கத் தெரியும்."

"அத்தா, நான் அங்க..."

"கேக்கல. நான் கேக்கவே இல்ல பாரு. கேக்கவும் மாட்டேன்." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கி மத்தியானம் ஒவைஸ் அவளுக்குப் போன் பண்ணான். 'காய்ச்சல் ஒண்ணும் ஜாஸ்தி இல்லம்மா, பரத் பக்கத்துலயே உக்காந்திருக்கான், துணிய நனைச்சு நனைச்சுப் போடறான், நீ பயப்படாதே'ன்னான். அந்த ஒரு பேச்ச வெச்சிக்கினுதான் அவ சோறு துன்றா, தூங்கறா. அத எடுத்துடாத."

பரத்துக்கு இது தெரியாது. இன்றுவரை தெரியாது. அவன் பலகைக்கு முன்னால் நின்று அடுத்தவன் சொதப்ப வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறான் ஒவைஸ்.

"அப்ப நான் எங்க போய்ச் சொல்றது அத்தா?"

நயீம் அகமது கேட்டைத் திறந்தார். "ஹுமேரா! யாரு வந்திருக்கான்னு பாரு."

ஒவைஸின் அம்மா ஹுமேரா சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, அவனைக் கண்டதும் நின்றுவிட்டாள். அழுவாள் என்று பயந்தான். அவள் திட்டினாள்.

"எத்தினி மாசண்டா? ஒரு போனு கெடயாது. இன்னா இப்டி எளைச்சுப் போய்ட்டே? ஓட்டல் சோறு துன்னு துன்னு ரெண்டு பேரும் இப்டித்தான் வந்து நிப்பீங்க. உக்காரு. உக்காருன்றேன்ல."

தட்டு வந்தது. சோறு வந்தது, தால்ச்சா வந்தது. அவன் பிசைந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சோபாவில் சாத்தியிருந்த மட்டையை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த நூலு என் தையப் பொட்டியில இருந்து திருடினது. கேட்டா, 'கை வழுக்குதும்மா'ன்னான். தோலு யாவாரம் பண்ற வூட்ல நூலச் சுத்தறியேடான்னு அவங்க அத்தா ஒரே கேலி."

"குடுத்துட்டுப் போலாம்னுதாம்மா வந்தேன்."

"எதுக்கு? வேணாம். நீயே வெச்சிக்கோ."

"இல்லம்மா..."

"இங்க வெச்சா தூசிதான் புடிக்கும். அவன் உன்கூடத்தான சுத்திக்கினு இருக்கான்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், மார்க்கெட்டுக்குப் போனவனைப் பற்றிச் சொல்வதுபோல. "கனவுல வந்தா ஊர் பேரு சொல்லுவான். நேத்து ராத்திரி வந்தான். 'இப்ப மெட்ராஸ்ல இருக்கோம்மா, பரத் மணல்ல நல்லா அடிச்சான்'னான். மெட்ராஸ்லயா ஆடினே?"

பரத்தின் விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. "ஆமாம்மா," என்றான்.

"பாரு," என்று அவள் கணவனைப் பார்த்தாள். "நான் சொன்னா நம்ப மாட்டீங்களே."

நயீம் அகமது நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. தெருவில் கோபிநாத் ஒரு தடவை ஹாரன் அடித்தான்.

"அம்மா, நான் கெளம்பறேன். பெங்களூரு போய்ச் சேரணும்."

"இரு. தட்டுல வெச்ச சோறு அப்டியே இருக்குது. அதோட, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வெச்சிருந்தேன். யாருகிட்டயும் கேக்கல. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இன்னா தெரியும்? இவருக்கு இன்னா தெரியும்? பக்கத்துலயே இருந்தவன் நீ ஒருத்தன்தான."

"ஹுமேரா," என்றார் நயீம் அகமது. "புள்ள சாப்பிடட்டும்."

"சாப்பிடட்டும், நான் இன்னா தட்டையா புடுங்கினேன்?" அவள் நாற்காலியை இழுத்து, முழங்கால் முழங்காலில் இடிக்க, அவன் எதிரில் உட்கார்ந்தாள். "மூச்சு அடங்கறப்போ, அல்லாஹ் ஒருத்தன்தான்னு சொல்ற கலிமா வாயில இருந்தா போதும்டா, மத்தத அல்லாஹ் பார்த்துப்பான். உனக்கு அதெல்லாம் தெரியாது, நீ சொல்லிக் குடுத்திருக்க முடியாது, அது உன் தப்பு இல்ல. நீ பார்த்தத மட்டும் சொல்லு போதும்."

பரத் நிமிர்ந்து நயீம் அகமதுவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில அவன் உதடு அசைஞ்சுதா, பரத்?"