ஃபேன் இல்லாத பெட்டி

என் மாமனாரை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போனது சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. என் ஓரகத்தி அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி மாடியில் அவள் வீட்டு டிவிக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான். முட்டிவலி என்று தினம் மாத்திரை போடும் மனிதர், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி, அங்கே படம் பார்க்கப் போய்விட்டார்.

வயிறு எரிந்தது. எரியாது என்று சொல்பவர்கள் கூட்டுக்குடும்பத்தில் இருந்ததில்லை என்று அர்த்தம்.

ஒரே வீடு, இரண்டு தளம். கீழே நானும் கணவரும் மாமனாரும். மேலே என் கொழுந்தனும் அவளும். வீட்டில் எல்லோருக்கும் நான் பெரியவள், அவள் சின்னவள். அவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறாள். நான் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்க்கிறவள். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவளிடம் தோற்பதென்றால், மீன் நீச்சலில் தோற்ற மாதிரி.

எங்களிடமும் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பெரிய டப்பாவை டிவியில் மாட்டியிருந்தேன். லாரி மாதிரி உறுமும். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பழைய படம் ஏதாவது போடுவேன். மாமா பார்ப்பார், நான் பேசுவேன். உறுமலுக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும், ஆனாலும் பேசுவேன். பிரிவுத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, நேற்று வந்த ஒருவனுக்கு அதைக் கொடுத்தார்களே, அன்றைக்குக் கணவரிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு இவரிடம்தான் கொட்டித் தீர்த்தேன். அழுதேன். அவர் என்னையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மறுநாள் வேலைக்குப் போனேன். இந்த வீட்டில் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிய ஒரே ஆள் அவர்.

அவரைத்தான் அவள் மேலே கொண்டுபோய்விட்டாள். சிரித்துச் சிரித்துப் பேசி வளைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு அது கைவந்த கலை.

"எப்படி இதைத் தேர்ந்தெடுத்தே?" என்று படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன்.

"எங்க டிவிக்கு அடியில இருக்கற தட்டு ரொம்ப சின்னதுக்கா. இது ஒண்ணுதான் உள்ள போச்சு" என்றாள்.

தட்டுக்குள் போனதாம். இவளெல்லாம் கம்ப்யூட்டர் வாங்குகிறாள்.

விடுவேனா. அவளுடையதைவிடச் சின்னதாக ஒரு பெட்டி வாங்கி, அதற்குள் கடையில் இருந்ததிலேயே பெரிய பிராசஸரைத் திணித்தேன். எட்டு கோர், அறுபத்தைந்து வாட் சூடு. அவ்வளவு சூடு அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது என்று அலுவலகத்தில் நானே நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். பொறாமை வந்தால் படித்ததெல்லாம் பரணில் ஏறிவிடும்.

மாமாவை உட்காரவைத்துப் படம் போட்டேன். முதல் பாட்டு வருவதற்குள் உள்ளே சூடு ஏறி, ஃபேன் மிக்ஸி மாதிரி அலற ஆரம்பித்தது. பழையது லாரி என்றால் இது விமானம். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து எதையோ தடவினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "கால் மரத்துப் போச்சும்மா, கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று எழுந்தார். நடந்தார், மாடிக்கு.

காலைக் குறை சொல்லிவிட்டுக் காதைத் தடவினாரே என்று எனக்கு உறுத்தியது. மறுநாள் அவர் குளிக்கப் போனபோது, மேசையில் கழற்றி வைத்திருந்த காது மிஷினை எடுத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு மிஷினை என் காதில் வைத்துப் பார்த்தேன். காதுக்குள் ஒரு மாவு மில் ஓடியது. பழைய மிஷின் அது. பேச்சையும் ஃபேனையும் ஒரே மாதிரி பெரிதாக்கித் தள்ளியது. டிவியில் யாரோ பேசினார்கள், ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். காதை வைத்தேன். சத்தமே இல்லை. அதற்குள் ஃபேனே கிடையாது. பின்பக்கத்து ஸ்டிக்கரில் இருந்த பிராசஸர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வந்து தேடினேன். வெறும் ஆறு வாட்.

கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"ஃபேன் இருக்கக் கூடாது. ஆனா ஆறு வாட் பிராசஸரைவிட வேகமா இருக்கணும்."

"படம் பாக்கவா, ராக்கெட் விடவா?"

"படம்தான்."

"அப்ப ஆறு வாட்டே போதும் மேடம். வீடியோவைப் பிரிச்சுக் காட்டறதுக்கு சிப்புக்குள்ளயே தனியா ஒரு பகுதி இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். அவர் எடுத்து வைத்தது அச்சு அசல் சின்னவளுடையது. தட்டுக்குள் போகுமா என்று மட்டும் பார்த்து வாங்கியவள் முன்னால், இத்தனையும் படித்த நான் அதே பெட்டியோடு நிற்க வேண்டும்.

"வேற நிறத்துலயாவது குடுங்க" என்றேன்.

சாயங்காலம் மாமாவிடம், "புதுப் பெட்டி மாமா. சத்தமே வராது" என்றேன். அவர் நம்பிக்கையில்லாமல்தான் வந்து உட்கார்ந்தார். படம் ஓடியது. அறையில் படத்தின் சத்தம் மட்டும். அவர் கை காதுப்பக்கம் போகவே இல்லை. ஜெயித்துவிட்டேன். ஜெயித்த திமிரில் வாய் சும்மா இருக்குமா, முணுமுணுத்தேன்: "மேல உங்க செல்ல மருமக தேடித் தவிச்சுக்கிட்டிருப்பா."

"தேட மாட்டா. சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேட்டுச்சா மாமா?"

"இப்ப நல்லாவே கேக்குது. முன்ன அந்த டப்பா போடற சத்தம் மண்டையைப் பிளக்கும். மிஷினை அணைச்சிடுவேன்."

"அப்ப நான் பேசினதெல்லாம்?"

"வாய் அசையறது தெரியும். பாதியில எழுந்து போனா உன் மனசு கஷ்டப்படுமேன்னு தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

செவிடன் காதில் சங்கு ஊதுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு கச்சேரியே நடத்தியிருக்கிறேன்.

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு வரவேண்டிய பதவியை வேற எவனுக்கோ குடுத்துட்டாங்களாமே. சின்னவ எப்பவோ சொன்னா. நீயா சொல்லுவேன்னு நானும் காத்துக்கிட்டே இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

ரிமோட்டை எடுத்துப் படத்தின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீ கீழ யார்கிட்டயோ சத்தமா சொல்லி அழுதியாம். படிக்கட்டு வழியா மேல கேட்டுச்சாம். அக்காகிட்ட நான் எப்படிக் கேக்கறதுன்னு அவளும் கலங்கிப் போயிட்டா."

யார்கிட்டயோ. என் எதிரில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காதது, மாடியில் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. என் கண்ணீர்கூட அவள் வாய் வழியாகத்தான் இவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அன்றைக்கு மனசு வரவில்லை.

படத்தை நிறுத்தினேன். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"முதல்லேர்ந்து சொல்லவா மாமா?"

"சொல்லு."

சொன்னேன். குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாடிக்குக் கேட்காதபடி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னேன்.