கேள்வி கேட்கிற தச்சர்

கட்டட கான்ட்ராக்டர் அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே வரைபடம் போட்ட பெண் வேலையை விட்டுப் போனதும், தானே அதைச் செய்தால் என்ன என்று ஆசைப்பட்டு, கணினியில் வீட்டு வரைபடம் போடக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வகுப்பில் ஒரு தச்சர் இருந்தார். ஆசிரியர் வேகமாகப் போகும்போதெல்லாம், "சார், கொஞ்சம் நில்லுங்க. சுவரோட கனத்தைச் சேர்த்து அளக்கணுமா, விட்டுட்டா?" என்று மறிப்பார். அது அவள் தொண்டை வரை வந்து நின்ற கேள்வியாக இருக்கும். ஒரு தடவை என்றால் சரி. ஒவ்வொரு தடவையும் எப்படி?

பஸ் ஓட்டும் கணவன் காய் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். "அவரு கம்பெனி ஆளு. கூட்டத்துல முதல்ல கைதட்ட ஆள் உட்கார வைப்பாங்கல்ல, அந்த மாதிரி."

"கேள்வி கேக்கவா ஆள் வைப்பாங்க?"

"வகுப்பு நல்லா நடக்குதுன்னு உனக்குத் தோணணும்ல?"

அது உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. பாடத்தை விட்டுவிட்டுத் தச்சரையே கவனித்தாள். கேட்பதற்கு முன்பு எதையோ பார்த்துப் படிப்பவர்போல் குனிந்தார். ஆசிரியரும் எதிர்பார்த்திருந்தவர்போல் சிரித்தார். ஒரு நாள் தச்சர் வரவில்லை. யாரும் மறிக்காததால் ஆசிரியர் கடகடவென்று முடித்துவிட்டார். அவள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஆள் இல்லாவிட்டால் வகுப்பே படுத்துவிடுகிறதென்றால், சம்பளத்துக்கு வருகிறவர்தான் என்று முடிவு கட்டினாள்.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த தச்சரின் எண்ணுக்குப் போன் போட்டு, தான் யாரென்று சொன்னாள். பின்னால் ரம்பம் அறுக்கும் சத்தம்.

"நீங்க நெஜமாவே படிக்கிறவரா?"

ரம்பம் நின்றது. "இதை நான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேம்மா. முகத்தைக் காட்டுறதில்ல, வாயைத் திறக்கிறதில்ல. வீட்டுப்பாடம் மட்டும் டான்னு வந்துடுது. கூட்டம் காட்ட அவங்களே சேர்த்து வச்ச பேருன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "நானாங்க? அப்போ என் மனசுல இருக்கிற சந்தேகம் உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எனக்குப் புரியாததை நான் கேக்குறேன். உங்களுக்கும் புரியலைன்னா நீங்களும் கேளுங்களேன். என்னை மட்டும்தான் எல்லாரும் மக்குன்னு நெனைக்கிறாங்க."

போனை வைத்த பிறகும் பாதிதான் நம்பினாள். இருந்தாலும் அடுத்த வகுப்பில் கேமராவைத் திறந்தாள்.

"சார், மாடிப்படிக்கு அம்புக்குறி எந்தப் பக்கம் போடணும்?" என்று கேட்டாள்.

ஆசிரியர் திகைத்தார். "அதை நான் சொல்லவே இல்லையா?" பாடத்தைப் பின்னால் இழுத்துப் போய், ஒவ்வொருவரையும் வரையச் சொல்லி, பார்த்துத் திருத்தினார். அதுவரை மைக்கைத் திறக்காத வேறு சிலரும் அன்று பேசினார்கள். தச்சர் எதுவும் கேட்கவில்லை, மும்முரமாக வரைந்துகொண்டிருந்தார்.

படிப்பு முடிந்ததும், அலுவலகம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் குளியலறைக்கு வரைபடம் போட்டு முதலாளியிடம் நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா போட்டுக் குடுத்தது?"

"நான்தான் சார்."

அவர் நம்பவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு நேரே வேலை நடக்கும் இடத்துக்கே போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர், அதே வீட்டு அடுப்படியின் அளவுகளை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.