வெட்க மாடல்

சோரியாங்குப்பம் ஜெயசுதா ஆரி வேலையில் தைத்த கல்யாண ஜாக்கெட்டுகளில் இதுவரை பதினொரு மாப்பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜாக்கெட்டின் முதுகில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி படம் தைத்துப் போட்டுக்கொள்வது பாகூர் பக்கம் ஆறேழு வருஷமாக இருக்கிற மோகம். வாட்ஸப்பில் போட்டோ வரும். அதைப் பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைத் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக முகம் இறங்கும். துணியைக் கட்டை பிரேமில் விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் நூலை நிரப்ப வேண்டும். கடைசியில் கல் ஒட்டிய பசை காய்வதற்கு ஒரு ராத்திரி பிரேமிலேயே கிடக்கும். திரும்புகிறவர்கள் அந்த ராத்திரியில்தான் திரும்புவார்கள். காலையில் பார்த்தால் மாப்பிள்ளையின் மூக்கும் மீசையும் அக்குள் பக்கம் போயிருக்கும். பெண் பார்த்துக்கொண்டிருப்பது அவன் பின்னந்தலையை. ஒரு நூல் அறுந்திருக்காது. பிரேமிலிருந்து கழற்றிவிட்டால் அதோடு சரி, எந்த முகமும் அப்புறம் அசைந்தது கிடையாது.

முதலில் திரும்பியவன் அரிகரன் என்கிற கரும்புக்காரர் மகன். தையல் கோளாறு என்று பெண் வீட்டார் கத்தினார்கள். ஜெயசுதா பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள், மறுபடி திரும்பினான். கல்யாணம் நடந்தது. ஆடிக்குத் தாய்வீடு வந்த பெண் ஆவணி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்குப் பிறகு மாப்பிள்ளை திரும்பினால் சும்மா விட மாட்டார்கள். அவன் வேலை செய்கிற இடத்தில் விசாரிப்பார்கள், அவன் போனை வாங்கிப் பார்ப்பார்கள், பெரியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து இரண்டு நாள் பேசுவார்கள். நாலு கல்யாணம் அப்படி நின்றுபோனது. மிச்சம் இருந்த மாப்பிள்ளைகள் மாமனார் காலில் விழுந்து எழுந்தார்கள்.

பெண்களும் திரும்பினார்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அதற்கு ஒரு பேர் வைத்தாகிவிட்டது: வெட்கம். அந்தப் பேரை வைத்த புண்ணியவதி வேறு யாருமில்லை, ஜெயசுதாவேதான். பாகூர் ருக்குமணியின் ஜாக்கெட்டை வாங்க அம்மாவும் பெண்ணும் வந்திருந்தார்கள். அம்மா வாசலில் ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ருக்குமணி முன்னால் வந்து பிரேமைப் பார்த்தாள். திரும்பியிருந்தது அவள் முகம். "அக்கா, நா சொன்னா கேக்க மாட்றாங்க. இத எங்கம்மாகிட்ட நீ எடுத்துச் சொல்லுக்கா," என்றாள். ஜெயசுதாவுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் முகூர்த்தத்துக்கு நாலே நாள். ஏற்கெனவே நாலு கல்யாணத்தை நிறுத்தியவள் என்ற பேர் வேறு. அம்மா உள்ளே வந்து, "இன்னாம்மா இது, எம்பொண்ணு மூஞ்சி அந்தாண்ட போயிருக்கு?" என்று கேட்டபோது, "வெக்கம் அத்த. பொண்ணுன்னா அப்டிதான்," என்று சொல்லிவிட்டாள். அம்மாக்காரி வாய் நிறையச் சிரித்தாள். ருக்குமணி ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். அன்றிலிருந்து எந்தப் பெண் திரும்பினாலும் அதே பதில்தான், அதே சிரிப்புதான்.

ஜெயசுதாவுக்கு முப்பத்தாறு வயதானது. நாலு கல்யாணத்தை நிறுத்தியவளை எவன் வந்து கேட்பான்? ஒதியம்பட்டு உலகநாதன் கேட்டார். மோட்டார் ரிப்பேர் வேலை, குடி கிடையாது, அவளைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அப்பா பச்சையப்பன் வயலில் நெல் அறுப்பை மறந்துவிட்டு மண்டபம் பார்க்கப் போனார். ஜெயசுதாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள். தன் ஜாக்கெட்டைத் தானே தைப்பேன் என்று பிடிவாதம் பிடித்து ஒன்பது நாளில் முடித்தாள். மாப்பிள்ளை திரும்பிவிடக் கூடாதென்று அம்மா விருத்தாம்பாள் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அம்மனும் கைவிடவில்லை. காலையில் மூடியிருந்த துணியை எடுத்தால் உலகநாதன் கண் நிறைய அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது அவளுடைய சடையை. முகம் அந்தப் பக்கம் போயிருந்தது.

அந்த மனிதர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அவர்மேல் ஆசையும் இல்லை. அது அவளுக்கே அந்தக் காலையில்தான் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, "எனக்கு வேணாம்மா," என்றாள். விருத்தாம்பாள் குனிந்து பார்த்தாள். முதலில் உலகநாதனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம், "அட, வெக்கம்டி அது. எத்தினி பொண்ணுங்களுக்கு நீயே சொல்லியிருக்க?" என்றாள். பிரேமின் கயிற்றை ஜெயசுதாவே அவிழ்த்தாள்.

வில்லியனூர் மண்டபத்தில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் அவள் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள், "முப்பத்தாறு வயசுல வெக்கத்தப் பாரு," என்று. ருக்குமணி இடுப்பில் குழந்தையோடு மேடையேறி வந்தாள். பின்பக்கமாகச் சுற்றிப் போய் ஜாக்கெட்டைப் பார்த்தாள். "வெக்கமாக்கா?" என்று காதருகில் கேட்டாள். "ஆமாண்டி," என்றாள் ஜெயசுதா. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். இரண்டு பெண்களும் சிரித்தார்கள்.

போட்டோக்காரர் அவள் முதுகுப் பக்கம் எடுத்த போட்டோ போன் போனாகச் சுற்றியது. முகம் திருப்பிய மணப்பெண் என்ன அழகு என்று ஊரே சொக்கிப்போனது. ஆறே மாதத்தில் அதற்கு வெட்க மாடல் என்று பேர் வந்தது. வில்லியனூரில் கலீலுல்லா பாய் கடை கம்ப்யூட்டர் மிஷின் நாற்பது நிமிஷத்தில் ஒன்று அடித்துத் தள்ளுகிறது. கைவேலைதான் வேண்டும் என்கிறவர்கள் ஒதியம்பட்டுக்கு ஜெயசுதாவைத் தேடி வருகிறார்கள். இப்போது பெண் முகத்தைத் திருப்பியேதான் தைக்கிறாள். ராத்திரியில் வந்து திருப்ப வேண்டிய வேலை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது. உலகநாதன் இன்றைக்கும் சோறு போடும்போது கண் நிறைய அவளைப் பார்க்கிறார். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்தத் தை மாதம் வீராம்பட்டினத்துப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட். திருப்பித் தைத்த முகம் காலையில் மாப்பிள்ளை பக்கம் வந்திருந்தது. உதடு லேசாகப் பிரிந்து, வைத்த கண் வாங்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயசுதா கையிலிருந்த டீ ஆறுகிறவரை அப்படியே நின்றாள். பெண்ணின் அத்தை பத்து மணிக்கு வந்தாள். "நாங்க வெக்க மாடல்தான கேட்டோம்? இன்னாங்க இது, பொண்ணு இப்டி வெக்கங்கெட்டுப் பாக்குது?" என்று சண்டைக்கு நின்றாள். ஜெயசுதா முகத்தை நூல் நூலாகப் பிரித்தாள். குனிந்த தலை நிமிராமல் மறுபடி திருப்பித் தைத்தாள். பொழுது சாய்வதற்குள் பிரேமிலிருந்து கழற்றி அத்தையின் கையில் கொடுத்தாள். பசை இன்னும் ஈரமாக இருக்கிறது, மடிக்காமல் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொன்னாள்.