குளத்து மடையும் ஷஃபீகாவின் பேச்சும்

பத்தமடையில் ஊர்க்குளத்து மடையைத் திறந்தால்தான் மதார் மகள் ஷஃபீகாவுக்குப் பேச்சு வரும், அடைத்தால் நின்றுவிடும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆனியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்ட அன்று ஆரம்பித்தால் பங்குனியில் பிசான அறுப்பு முடியும்வரை ஓயமாட்டாள். அவளைப் பெற்ற ரைஹானத் மௌத்தாகிவிட்டிருந்தாள். சைக்கிளில் ஜவுளி விற்ற மதார், அந்த மாதங்களில் வியாபாரத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு மகள் பேச்சைக் கேட்க வீட்டுக்கு மிதித்து வருவார். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

பிள்ளையை எடுத்து வளர்த்தவர் மதாரின் அக்கா மஹ்மூதா பீவி. அவர் மகன் ரசீதுக்கே ஷஃபீகாவைக் கொடுப்பதாக மதார் வாக்குக் கொடுத்திருந்தார். ரசீதுக்குத் துபாயில் லீவு கிடைத்தது சித்திரையில். மடை அடைத்துக் கிடந்தது. நிக்காஹ் அன்று காலை சம்மதம் கேட்டபோது ஷஃபீகா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வெக்கப்படுதா. பேசாம இருந்தா சம்மதந்தான" என்று மஹ்மூதா பீவி சிரித்தார்.

மதார் மகளின் கண்ணைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் சைக்கிளை எடுத்தார். மடைக்காரர் பிச்சைக்கண்ணு குளத்தங்கரையில் இருந்தார்.

"மாடு கன்னு குடிக்க இந்தத் தண்ணிதான் கெடக்கு, அண்ணாச்சி. தெறந்தா ஊரு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிரும்."

"எம் மக என்னமோ சொல்லணும்னு நிக்கா, வே. ஒரு வார்த்தைக்குத் தண்ணி விடும், போதும்."

பிச்சைக்கண்ணு மடைப் பலகையைப் பைய உயர்த்தினார். மதார் திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே மகளின் குரல் கேட்டது.

"மச்சான்மேல ஒரு கொறையுமில்ல மாமி. கூடப்பொறந்தவனாத்தான் நெனைச்சிருக்கேன். எனக்கு வேண்டாம்."

பலகை இறுகிக்கொண்டு இறங்க மறுத்தது. சாயங்காலம்வரை தண்ணீர் ஓடியது; சாயங்காலம்வரை அவளும் பேசினாள். அந்தக் கோடையில் ஊர் மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிப் போனார்கள். நிக்காஹ் நின்றுபோன கோபத்தில் மஹ்மூதா பீவி கடைசிவரை தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. மதாருக்கு அது பெரிய வலிதான்.

பிறகு ஷஃபீகா தான் விரும்பிய சல்மான் ஃபாரிஸைக் கட்டிக்கொண்டு ஷார்ஜா போனாள். இங்கே பலகை உயர்ந்தால் அங்கே பேச்சு வரும். உடனே போன் அடிக்கும். கோடையில் மதார்தான் அழைப்பார். உவரியிலிருந்து சாளை மீன் வந்ததை, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதை எல்லாம் சொல்வார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். "சரி பிள்ள, வச்சிரட்டா?" என்பார். கொஞ்ச நேரம் அந்த மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.