ஊருக்காகச் சாப்பிட்டவர்

சுகாதார நிலையத்தின் சத்துணவு அதிகாரி மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவ எழுந்த நேரத்தில், அந்த ஊரில் ஐந்து வயதுக்குக் கீழே இருந்த குழந்தைகள் எல்லாரும் ஒன்றாக ஏப்பம் விட்டார்கள். தொட்டிலில் கிடந்தவை விட்டன, தெருவில் மண்ணை அளைந்துகொண்டிருந்தவை விட்டன, பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பொடியனும் விட்டான்; மருத்துவர் அந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிடாமல் தன் வேலையை முடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் எந்தக் குழந்தையும் சாப்பாடு கேட்கவில்லை. மாதக் கடைசியில் எடை போட்டபோது எல்லாமே கூடியிருந்தன.

அதிகாரியை ஊரில் சத்து சார் என்பார்கள். சின்னக் குழந்தைக்கு எப்படி ஊட்டுவது என்று தலையணை தண்டிக்கு ஓர் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவர். சிறுகச் சிறுகப் பல தடவை கொடு, கீரையும் பருப்பும் முட்டையும் கொடு, முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கொடு, திணிக்காதே. அவ்வளவுதான் சங்கதி. படித்தவர்கள் அதைச் சொல்ல அத்தனை பக்கம் எடுத்துக்கொள்வார்கள், போகட்டும். எழுதியவரே வந்து நடத்திக் காட்டட்டும் என்று மேலிடம் அவரை இந்த ஊருக்கு அனுப்பியது. முதல் வருடம் சுவரொட்டி ஒட்டினார், ஒலிபெருக்கி கட்டினார், வீடு வீடாகப் போய்த் தொண்டை வற்றப் பேசினார். அம்மாக்கள் அழகாகத் தலையாட்டிவிட்டுப் பழையபடியே பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொடுத்தார்கள். சுவரொட்டியின் எடை கூடிய அளவுக்குக் குழந்தைகளின் எடை கூடவில்லை.

திட்டத்தில் செய்முறை விளக்கம் என்று ஒன்று இருந்தது. அம்மாக்களைக் கூட்டி உட்காரவைத்து, குழந்தைக்கான சாப்பாட்டை ஒரு தட்டு சமைத்துக் காட்ட வேண்டும். காட்டிய பிறகு அதை யார் சாப்பிடுவது என்று மேலிடம் யோசிக்கவில்லை. குழந்தைகளை எடை போடுவதும் கைச்சுற்றை நாடாவால் அளப்பதும் எடைக்காரம்மாவின் வேலை. அவர்தான், "வீணாப் போகுதே சார், நீங்களே சாப்பிடுங்க" என்றார். சத்து சாருக்குக் கீரை என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இதை எந்த வாயால் வெளியே சொல்வார்? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிப்பவரைப் போல அத்தனையையும் விழுங்கினார். அன்றைக்குக் கேட்டதுதான் அந்த ஏப்பம்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவர் தெரியாமல் பச்சை மிளகாயைக் கடித்துவிட, ஊரிலுள்ள குழந்தைகள் எல்லாம் தண்ணீர் தண்ணீர் என்று குதித்தன. ஒரு நாள் சாயங்காலம் காப்பி திக்காக இருக்கிறதே என்று இரண்டாவது டம்ளரும் குடித்தார். ஒரு வீட்டிலும் தொட்டில் ஆட்டிய கை ஓயவில்லை. டீக்கடையில் பொரித்த உருளைக்கிழங்கை அவர் மூக்குமுட்டத் தின்ற மறுநாள், அம்மாக்கள், பிள்ளைகளுக்கு வயிற்றால் போனதில் ராத்திரி முழுக்கத் துவைத்த துணி மூட்டைகளோடு அவர் வாசலில் வந்து நின்றார்கள். "நேத்து என்னத்த தின்னு தொலைச்சீங்க சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வாய் அவருடையதாக இல்லை. டீக்கடைக்காரர் அவர் தலையைக் கண்டதும் கண்ணாடி ஜாடியைத் துணியால் மூடினார். "கோவிச்சுக்காதீங்க சார், வீட்ல கைக்குழந்தை இருக்கு" என்று பவ்யமாக வேறு சொன்னார். மதியம் அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் தட்டைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். "கீரையை ஓரமா தள்றாரு பாருடி!" என்று ஒருத்தி கத்துவாள். "பருப்பு இன்னும் கொஞ்சம் குழையணும், எம் பையனுக்குச் செரிக்காது" என்று இன்னொருத்தி அடுப்படிக்கே போய் அதட்டுவாள். கீரை எத்தனை கொதி வரவேண்டும், எண்ணெய் எவ்வளவு, முட்டையை எப்படி உதிர்க்க வேண்டும் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்று. மேலிடத்திலிருந்து வந்த குழு குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்களையும் சாரிடமே ஒப்படைக்கலாமா என்று கேட்டது. சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவ விடுப்பு கேட்டார்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அவர் ஒருவர் சாப்பிட்டால் போதும் என்றான பிறகு, குழந்தைகளுக்குத் தனியாகச் சமைப்பானேன்? வீடுகளில் குட்டிப் பாத்திரங்கள் பரணுக்கு ஏறின. சுகாதார நிலையத்தை ஒட்டியிருந்த குழந்தைகள் காப்பகத்தில் மதிய அடுப்பை அணைத்து, சமையல்காரரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். அவர் கரண்டியோடுதான் காவலுக்கு நின்றார்.

சத்து சாருக்கு ஒரே பெண். மூன்று வயது ஆகப்போகிறது. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த சாப்பாடு, அவர் பெற்ற பிள்ளைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஏன் என்று நானும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, அது யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான். ஊருக்கே சோறு போடுகிறவர் பெண்ணுக்கு என்ன குறை என்று, பகலில் அவளை விட்டுவைத்த காப்பகத்தில் நினைத்தார்கள். அவள் அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவள். காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் வீடு. ராத்திரி ஊட்டப்போனால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மதியம் வயிறு நிறையத் தின்றிருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். சாப்பிடுகிற பழக்கமே அந்தப் பிள்ளைக்கு விட்டுப்போனது.

அளவு நாடாவில் பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் ஆபத்து நெருங்குகிறது, சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டதால் பல மாதம் நாடாவைத் தொடாதிருந்த எடைக்காரம்மா, சாரின் பாப்பாவின் கையில் அதைச் சுற்றிவிட்டு, நாடாதான் கெட்டுப்போயிற்று என்று புதிதாக ஒன்றைப் பிரித்தார். அதுவும் மஞ்சளையே காட்டியது. சிவப்புக்கு ஒரு நூல் இடைவெளி. மஞ்சளைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியவர் சார்.

செய்தி பஸ்ஸுக்கு எட்டியது. அவர் மனைவி வண்டியைப் பயணிகளோடு அப்படியே திருப்பிக்கொண்டு வந்து சுகாதார நிலைய வாசலில் நிறுத்தினாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீங்க திங்கறீங்க. எம் பிள்ளைக்கு யாருங்க திங்கறது?" என்று கேட்டாள். பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. "நியாயமான கேள்விதானே?" என்றது ஒரு தலை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியை எடுத்தாள். ஒருவரும் நேரமாகிவிட்டது என்று முணுமுணுக்கவில்லை.

மறுநாளிலிருந்து சார் தம் ஆய்வேட்டின்படியே ஊட்ட உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தார். பேசினார். திணிக்கவில்லை. பாப்பா வாயைத் திறக்கவில்லை. ஆய்வேடு எழுதியபோது ஒரு குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டிப் பார்க்காத மனிதர், பாவம், யானை போல நடந்தார், ரயில் போலக் கூவினார். பெஞ்சில் காவலிருந்த அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாடா நூலளவு நகர்ந்து மஞ்சளின் ஓரத்துக்கு, சிவப்பைத் தொடுகிற இடத்துக்குப் போயிற்று.

ஒரு மதியம் அவர் வழக்கம்போல ஊருக்கான தட்டை எடுத்து, கண்ணை மூடி, கீரையை விழுங்கப் போனபோது, பாப்பா எதிரில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கசக்குதா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல நினைத்தார், முடியவில்லை. "எனக்குப் பிடிக்காதுடா கண்ணு" என்றார். பெஞ்சிலிருந்த அம்மாக்கள் அதிர்ந்துபோனார்கள்.

"அப்ப ஏன் திங்கற?"

"மத்த பிள்ளைங்களுக்காகடா."

பாப்பா தட்டை எட்டிப் பார்த்தாள். "எனக்கு?" என்றாள்.

சார் கையிலிருந்த கவளம் கையிலேயே நின்றது. அந்த மனிதர் ஓவென்று அழுதுவிட்டார். பாப்பா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, பாதியை அவர் சட்டையில் இறைத்து, மீதியை அழுதுகொண்டிருந்த வாயில் திணித்தாள். அவர் முகம் கோணிய கோணலைப் பார்த்து, ஈர்க்குச்சி உடம்பு குலுங்கக் கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரித்த வாயில் அவர் ஒரு சின்ன உருண்டையை வைத்தார். அது உள்ளே போயிற்று. பிறகு அவருக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய் என்று நடந்தது. நாலு நாளில் அவருக்கு ஒரு வாய், அவளுக்கு நாலு வாய் என்றானது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அவர் வாய்க்குள் போனது மட்டும்தான். குழந்தைகள் பசியில் வீறிட்டன. பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மாக்கள் திரண்டு வந்தார்கள். "நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க சார், எங்க பிள்ளைங்க துடிக்குது!" என்று பிடித்துக்கொண்டார்கள். சார் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், "போய் அடுப்பைப் பத்தவைங்கம்மா. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றார். என்ன திமிர் என்று திட்டிக்கொண்டே போனார்கள். ஆனால் போய்ப் பற்றவைத்தார்கள். எப்படிச் செய்வது என்று ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஆயிற்றே. காப்பகத்தில் சமையல்காரர் கரண்டியோடு உள்ளே ஓடினார். சார் சாப்பிடுவது ஊருக்குப் போய்ச் சேர்வது எப்போது நின்றது என்று உறுதியாகத் தெரியவில்லை. குழந்தைகள் வீட்டில் தின்றுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

பாப்பா முழுத் தட்டையும் தானே காலி செய்த அன்று, அவர் மனைவி இரண்டு நடைக்கு நடுவில் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். சார் காலித் தட்டோடு பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ஆனா வயிறு கும்முனு நிறைஞ்சு கிடக்கு" என்றார். "சாப்பிட்டது பாப்பாதான். இதை மேலிடத்துக்கு எழுதணும்னு நினைக்கிறேன்."

"இதுல எழுத என்ன இருக்கு?" என்றாள் அவள். "எனக்கு அவ பொறந்ததுலேருந்தே அப்படித்தான். இத்தனை மாசமா எவ்வளவு தின்னாலும் பசி அடங்காமத்தான் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். என்னமோ ஒடம்புக்குன்னு நினைச்சேன். இன்னைக்கு மார்க்கெட் வளைவு திரும்பறப்போ சட்டுனு அடங்கிடுச்சு. அதான் பிள்ளை சாப்பிட்டுட்டாளான்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

பாப்பாவின் வாயைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பினாள். சார் எழுந்து தட்டைக் கழுவப் போனார்.