வரலட்சுமியின் எலும்பு ஊதிய விசில்

பால் விலை ஏறிய வாரம், மேனாம்பேட்டில் வரலட்சுமியின் எலும்பு விசிலடித்தது. சார்ஜரைக் காணோம் என்று புருஷன் லோகநாதன், குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து உதைத்தான். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், இடுப்புக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கியிருக்கும் முக்கோண எலும்பில் குதிகால் பட்டது. படித்தவர்கள் அதைத் திரிகம் என்பார்கள். மேனாம்பேட்டில் அதற்குப் பெயர் கிடையாது. உதை விழுகிற இடம், அவ்வளவுதான். வாளி விளிம்பில் மோதி அவள் பல் உடைந்தது, தண்ணீர் சிவந்தது, எலும்பு நீளமாக ஊதியது. ஆறு வருடமாக அவள் அலறியது கீழ்வீட்டுக்குக்கூடக் கேட்டதில்லை. விசில் தெருமுனைவரை கேட்டது. கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் எத்திராஜ் மாடியேறி வந்தார்.

"இன்னாம்மா, புள்ளைங்க படிக்கிற நேரத்துல விசில் ஊதிக்கினு கீறே?"

"நான் ஊதல நைனா. இவரு ஒதச்சா அது ஊதுது."

"அப்ப மெதுவா ஒதைக்கச் சொல்லு."

ஆவடியில் எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். சின்ன வயதில் அது ஐந்து எலும்பாம். பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் ஒட்டி ஒன்றாகுமாம். சரியாக அந்த வருடங்களில்தான் லோகநாதன் உதைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் நாலு நாலு ஓட்டை, புல்லாங்குழல் மாதிரி. காலுக்கும் மூத்திரப்பைக்கும் போகிற நரம்புகள் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. விரிசல் அந்த ஓட்டைகளைத் தொட்டு ஓடியிருந்தது.

"இன்னொரு உதை விழுந்தா மூத்திரம் உங்க பேச்சைக் கேக்காதும்மா" என்றார். விசிலைப் பற்றிக் கேட்டதற்கு, அது படத்தில் தெரியாது என்றார்.

லோகநாதனிடம் சொன்னாள். "டயாப்பர் வாங்கிக்கோ" என்றான்.

அதன் பிறகு அவன் அறைந்தாலும் முடியைப் பிடித்துச் சுவரில் இடித்தாலும் எலும்பு ஊதியது. விசில் கேட்டால் நாய் வரும், அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஏரிக்கரை நாய்கள் ஒவ்வொன்றாக வந்து படிக்கட்டடியில் படுத்துக்கொண்டன.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் அவள் பையில் துணி அடுக்கினாள். "எங்கடி கெளம்பிட்ட?" என்று குப்புறத் தள்ளிக் காலை ஓங்கினான். கால் இறங்குவதற்குள் எலும்பு ஊதிவிட்டது. நாய்கள் மாடியேறி வந்து, அந்தரத்தில் நின்ற காலையே முதலில் பிடித்தன. கெண்டைச்சதை கிழிந்தது. குதிகால் எலும்பு முறுக்கு மாதிரி நொறுங்கியது. ரத்தம் படியிறங்கிக் கீழ்வீட்டு வாசல்வரை போனது. லோகநாதன் அலறிய அலறல் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்த எத்திராஜ் காதில் விழவில்லை. ஆறு வருடப் பழக்கம்.

வரலட்சுமி எழுந்தாள். தன் காலாலேயே பாத்ரூமுக்கு நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, அடக்கி வைத்திருந்ததைத் தன் இஷ்டத்துக்கு, நிதானமாகப் பெய்தாள். பிறகு நாய்களுக்குச் சோறு வைத்தாள்.

லோகநாதன் இப்போது நசரத்பேட்டையில் அக்கா வீட்டில் கட்டையூன்றி நடக்கிறான். எத்திராஜ் பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவருகிறவர்களிடம் தண்ணி வரும் நேரம், கரண்ட் யூனிட் ரேட் எல்லாம் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுக்கும்போது இதையும் சொல்கிறார்: "பொம்பளையாண்ட கால ஓங்காதப்பா. நாய் வரும்."