சிரிலின் கடை இன்னும் சூடாக இருக்கிறது

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. முதல் வரைவில் நான் இது நடந்த சூளைக் கொட்டகையிலேயே இல்லை. உண்மையில் இருந்தேன். பீங்கானில் செய்த குட்டிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என் வேலை. கட்டைவிரல் நீளப் பலகை. அதில் ‘டாம்கின்சன், இரும்புச் சாமான்கள்’.

2
‘இங்கிலாந்தின் ஸ்டஃபர்ட்ஷயரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு...’ [சீ, வேண்டாம். அங்கே எப்போது பெய்யவில்லை?]

மறுபடி. கிளெனிஸ், ஊர்க் கடைத்தெருவின் பழைய கடைகளைக் கையகலப் பீங்கான் பொம்மைகளாகச் செய்து விற்பவள். ரோஸ்லின் தன் அப்பா சிரில் டாம்கின்சனின் இரும்புக் கடையைப் பொம்மையாகக் கேட்டிருந்தாள். நிஜக் கடையை விற்றவளும் அவள்தான். இப்போது அது சூதாட்டக் கடை. பதினோரு வருஷமாக அப்பா அவளோடு பேசவில்லை. அன்று காலை அண்ணன் போன் செய்திருந்தான், அப்பா இன்றைக்குத் தாண்டமாட்டார் என்று.

அவரிடம் கொண்டுபோக வேண்டிய பொம்மையோ சூளைக்குள். வெப்பம் இருநூற்று நாற்பது டிகிரி. நூறுக்குக் கீழே இறங்குமுன் திறந்தால் விரிசல் விடும்.

3
“திற, கிளெனிஸ்.”

“விரிஞ்சுடும் கண்ணு. இன்னும் நாலு மணி நேரம் ஆகும்.”

“அதுவரைக்கும் அவர் இருக்கணுமே!”

“ஒடஞ்ச கடையக் கொண்டுபோய் நீட்டுவியா? ஏற்கெனவே ஒரு தடவ ஒடச்சது போதாதா?”

[கிளெனிஸ் இப்படிப் பேசுவாளா என்று சந்தேகப்பட்டு இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன். பேசினாள். பேசிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.]

ரோஸ்லின் தடித்த கையுறைகளை மாட்டினாள். கிளெனிஸ் சூளைக் கதவை மறித்து நின்றாள்.

4
முடிவு அ: திறந்தார்கள். ‘டிங்’ என்று ஒரு சத்தம், உடனே ரோஸ்லின்... [விட்டுவிட்டேன்.]

முடிவு ஆ: காத்திருந்தார்கள். பொம்மை குறையில்லாமல் வந்தது. போனும் வந்தது. [இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.]

5
நடந்தது இதுதான். ரோஸ்லின் சட்டென்று கையுறைகளைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

“நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? வெறுங்கையோட அவர் முன்னாடி போய் நிக்கப் பயம். அதான் இங்க நிக்கிறேன்.”

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அடக் கடவுளே! ஒரு மணி நேரமாகச் சூளையையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் ‘நீ கிளம்பு’ என்று சொல்லத் தோன்றவில்லை.*

* தான் சொல்ல வாயெடுத்ததாகக் கிளெனிஸ் சொல்வாள். நம்பாதீர்கள்.

6
அவள் போய்ச் சேர்ந்தபோது சிரிலுக்கு நினைவு இருந்தது. அதற்குமேல் அண்ணன் எதுவும் சொல்லவில்லை. பொம்மை ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தது. அதை வாங்கிப்போக ரோஸ்லின் இன்றுவரை வரவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கட்டிலோரம் ஒன்றுமில்லாமல் வந்து நின்ற மகளைப் பார்த்து அவர் என்ன சொன்னார்? நாலு வசனம் எழுதி நாலையும் கிழித்துப் போட்டேன். உங்களுக்கும் யாரோடாவது பேச்சு நின்றுபோயிருக்கும். என்னைவிட உங்களுக்குத் தெரியும். “ரோஸ்லின்,” என்று அவர் கூப்பிட்டாரா, இல்லை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாரா... நான் எழுதமாட்டேன். நீங்கள் எழுதுங்கள்.